சாத்தூர்க் கணக்கு

பத்துத் துணித்துண்டுகள் என் மேசைமேல் கிடக்கின்றன. டிரையரிலிருந்து எடுத்து அரைமணி நேரம்கூட ஆகவில்லை; தொட்டால் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கின்றன. பருத்தியும் சோப்புத்தூளும் லேசான கருகலும் கலந்த அந்தச் சூட்டு வாசனை மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம் வந்தது. வந்தது போக மாட்டேன் என்கிறது. சாப்பாட்டு மணி அடித்து எல்லோரும் கேண்டீனுக்குப் போய்விட்டார்கள். நான் டிபன் டப்பாவைத் திறந்தேன், மூடினேன், மறுபடியும் திறந்தேன், கடைசியில் தள்ளி வைத்துவிட்டு ரெஜிஸ்டரின் பின்பக்கத்திலிருந்து நாலு வெள்ளைத்தாளைக் கிழித்துக்கொண்டு உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன். செத்துப்போனவளுக்குக் கடிதம் எழுதுகிறாளே, கோட்டி பிடித்தவள் என்று சிரிப்பாய். சிரித்துக்கொள்.

விஷயம் இதுதான். நாளைக் காலை பத்து மணிக்கு, வெளிநாட்டு ஆர்டர் தருகிற பையிங் ஆபீஸிலிருந்து ஒருவர் வருகிறார். இந்தப் பத்துத் துண்டுகளையும் நம் லேபில் மூன்று பேர் தனித்தனியாக அளக்க வேண்டும். ஒருவர் அளந்தது மற்றவருக்குத் தெரியக்கூடாது. யார் அளந்தாலும் ஒரே அளவு வருகிறதா என்று பார்க்கப் போகிறார்களாம். மெயிலில் அதற்கு வாய்க்குள் நுழையாத ஒரு பேர் போட்டிருந்தார்கள். நம் புரொடக்ஷன் மேனேஜர் அதைப் படித்துவிட்டு, "இதென்னங்க புதுசா கெளப்பறாங்க! துணிய டெஸ்ட் பண்ணுன காலம் போயி இப்ப ஆளையே டெஸ்ட் பண்றாங்களா?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. புதுசாம்! இதே வேலையை, இதே மேசையில், யாரும் கேட்காமல் எட்டு வருஷத்துக்கு முன்னால் நீ செய்து முடித்திருந்தாய்.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். நீ வேலையை விட்டுப் போன பிறகு இந்தக் கம்பெனியில் உன் ஊர்ப் பேர் ஒரு வசவாகிவிட்டது. யாராவது அளவைத் தப்பாக எழுதினால், கட்டிங்கில் எண்ணிக்கை பிசகினால், ஏன், டீக்கு ஆள் எண்ணும்போது ஒன்று குறைந்தால்கூட, "என்ன, சாத்தூர்க் கணக்கா?" என்பார்கள். பிரதாப் என்று ஒடிசாக்காரர் ஒருவர் இப்போது என்னோடு லேபில் இருக்கிறார். இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், நல்ல வேலைக்காரர். சாத்தூர் என்பது ஓர் ஊர் என்பதே அவருக்குத் தெரியாது. தப்பு என்பதற்குத் தமிழில் அப்படித்தான் சொல்வார்கள் என்று நினைத்திருக்கிறார். போன வாரம் என்னிடமே, "அக்கா, இந்த எடை மெஷின் சாத்தூர் ஆயிடுச்சு" என்றார். நான் சிரித்தேன். சிரித்துவிட்டுப் பாத்ரூமுக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

அந்தக் கணக்கு யாருடையது என்று தெரிந்த ஒரே ஆள் இந்தக் கூரையின் கீழ் நான்தான். எட்டு வருஷமாக வாயைத் திறக்கவில்லை. நாளைக்குத் திறப்பேனா மாட்டேனா என்பதுதான் காலையிலிருந்து என்னை உட்காரவிடாமல் அடிக்கிறது.

நீ வேலைக்கு வந்த முதல் நாள் நினைவிருக்கிறதா? கட்டிங் ஹாலுக்குப் பக்கத்தில் பலகை வைத்து அடைத்த இந்த அறைதான் அப்போதும் லேப். ஊர்ப் பேரை வைத்துக் கூப்பிடுவது இங்கே வழக்கம் என்பதால் வந்த அன்றே நீ சாத்தூர் ஆகிவிட்டாய். நான் ஏற்கெனவே கொமரலிங்கம். உன் வீட்டுக்காரர் பிரிண்டிங் பட்டறையில் இருந்தார். வரிசை வீட்டில் ஒற்றை அறை எடுத்திருந்தீர்கள். ஊரிலிருந்து வரும்போதெல்லாம் காரச்சேவு கொண்டுவருவாய். "ஏ கொமரலிங்கம், ஆத்துத் தண்ணி குடிச்சு வளந்த ஒடம்பு, இந்தக் காரத்தைத் தாங்குமா?" என்று கேட்டுக்கொண்டே என் உள்ளங்கையில் கொட்டுவாய். எனக்குக் கண்ணில் நீர் முட்டும். ஆனாலும் அடுத்த பிடியைக் கேட்பேன். நமக்குள் ஒரு நாள்கூட மரியாதைப் பேச்சு கிடையாது. 'ங்க' போடாமல் நான் பேசிய ஒரே ஆள் இந்தக் கம்பெனியில் நீதான்.

வேலை என்ன பெரிய வேலை! சாயப்பட்டறையிலிருந்து வரும் ஒவ்வொரு ரோலிலும் ஒரு துண்டு வெட்டுவோம். அதன்மேல் முப்பத்தைந்து சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு புள்ளி வைப்போம். துவைப்போம், உலர்த்துவோம், புள்ளிக்குப் புள்ளி மறுபடியும் அளப்போம். எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்று பார்த்து எழுத வேண்டும். நூற்றுக்கு ஐந்துக்குள் இருந்தால் துணி கட்டிங்குக்குப் போகும். தாண்டினால் பட்டறைக்கே திரும்பும். அவ்வளவுதான் நம் அதிகாரம். அந்த அதிகாரத்துக்குத்தான் எத்தனை கும்பிடு!

அதிலும் எனக்கு விழுந்த கும்பிடு தனி. கொமரலிங்கத்துக்காரி கை ராசியான கை என்று பேர். நான் அளந்தால் பாஸ் ஆகும். வேறு யார் அளந்து விளிம்பில் நின்ற துணியும் நான் ஒரு தடவை அளந்தால் உள்ளே வந்துவிடும். மேனேஜர் துண்டைத் தூக்கிக்கொண்டு என்னைத் தேடி வருவார். "நீங்க ஒருக்கா அளந்து குடுத்துருங்க கண்ணு. உங்க கை பட்டாத்தானுங்க சரக்கு நகருது." புதிதாகத் தையல் மெஷின் வந்தால் முதல் சுவிட்சை நான் போட வேண்டும். யாரோ புது ஸ்கூட்டர் வாங்கிவிட்டுச் சாவியை என் கையில் கொடுத்து வாங்கிப்போனார்கள். பொய் சொல்லவில்லை, எனக்குத் தலைக்குமேல் ஏறித்தான் இருந்தது. படித்தது பிளஸ் டூ. வீட்டிலே நான் சொன்னால் பூனைகூடத் திரும்பிப் பார்க்காது. இங்கே வந்தால் முதலாளி பேர் தெரிந்து கூப்பிடுகிறார். யாருக்குத்தான் கசக்கும்?

நீ மட்டும் கும்பிடவில்லை. நீ நோட்டுப் போட்டாய்.

நம் ரெஜிஸ்டரில் பாஸ் ஆன அளவை மட்டும்தான் எழுதுவோம். ஃபெயில் ஆனால் இன்னொரு துண்டு வெட்டி இன்னொரு தடவை பார்ப்பது, உள்ளே வந்ததும் எழுதுவது. யாரும் சொல்லிக்கொடுத்த முறை இல்லை. எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். உனக்கு அது ஒத்துவரவில்லை. "ஃபெயில் ஆனதையும் எழுதி வையி புள்ள. பாஸ் ஆனத மட்டும் எழுத எதுக்கு நோட்டு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாய். நான் காதில் வாங்கவில்லை. நீ ஒரு பள்ளிக்கூட நோட்டு வாங்கிவந்து எல்லா அளவையும் எழுத ஆரம்பித்தாய். எந்த ரோல், என்ன அளவு, யார் அளந்தது. பிறகு கட்டம் போட்ட தாளில் ஒவ்வொன்றும் எவ்வளவு சுருங்கியது என்பதைப் புள்ளியாக வைத்தாய். நான் அளந்தது நீலம், மற்றவர்கள் அளந்தது சிவப்பு. போதாததற்கு இன்னொரு காரியமும் செய்திருக்கிறாய். நான் காலையில் அளந்த துண்டையே நம்பரை மாற்றிச் சாயங்காலம் என்னிடம் தந்திருக்கிறாய். அதே துண்டை நீயும் அளந்து வைத்திருக்கிறாய். ஒரு மாசத்துக்குமேல், என் பக்கத்தில் உட்கார்ந்து என்னோடு சோறு தின்றுகொண்டே.

ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் அந்தத் தாளை என் முன்னால் விரித்தாய். சிவப்பெல்லாம் மேலே, நீலமெல்லாம் கீழே. நடுவில் ஒரு கோடு.

"இது என்ன?" என்றேன்.

"ஒன் கை" என்றாய். "ஏ புள்ள, கோவிச்சுக்கிடாத. துணிய மேசைல போட்டதும் நீ என்ன செய்ற தெரியுமா? மூணு தடவை தடவுற. நடுவுலருந்து அங்கிட்டும் இங்கிட்டும். நீயா செய்யல, ஒன் கை செய்யுது. அதுல மூணு மில்லி நீளுது. நீ அளந்தா பாஸ் ஆகுறது அதனாலதான். ராசியும் இல்ல, கீசியும் இல்ல."

உண்மைதான். கசங்கின துணியைக் கண்டால் என் கை சும்மா இருக்காது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவளின் முந்தானை கசங்கியிருந்தால்கூட நீவிவிடத் தோன்றும். ஆனால் அதை நீ சொன்னபோது காதில் விழுந்தது வேறு. என் பேரை, என் மரியாதையை, மூன்று மில்லிமீட்டர் என்று சுருட்டி என் கையில் கொடுக்கிறாய் என்றுதான் விழுந்தது. "பொறாமைல பேசற நீ" என்றேன். சொல்லும்போதே அது இல்லை என்று எனக்குத் தெரியும். உன் முகம் விழுந்துபோனது.

அதோடு விட்டேனா? சண்டாளி, விடவில்லை. அந்தத் தாளை எடுத்துக்கொண்டு நேரே மேனேஜரிடம் போனேன். "பாருங்க சார், என்ற கை தப்புங்களாமா. கலர் கலரா புள்ளி வெச்சிருக்கறா" என்று சிரித்துக்கொண்டு காட்டினேன். அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். சூப்பர்வைசர்கள் சிரித்தார்கள். ஒரு மாச உழைப்பை நான் கேலிப்பொருளாக்கிவிட்டு வந்தேன். நீ அந்தத் தாளை மடித்து வைத்துக்கொண்டு வேலையைப் பார்த்தாய். நாலு நாள் நாம் பேசவில்லை.

ஐந்தாம் நாள்தான் அந்த லாட் வந்தது. குழந்தைகள் உடுப்பு, பிறந்து ஆறு மாசத்துக்குள் போடுகிற, அடியில் பட்டன் வைத்த உடுப்பு. நீ அளந்தாய், ஃபெயில். இன்னொரு துண்டு, அதுவும் ஃபெயில். கண்டெய்னருக்கு நாள் குறித்தாயிற்று, கட்டிங் மேசை காலியாகக் கிடக்கிறது. மேனேஜர் வந்தார். உன்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு என்னிடம், "நீங்க அளங்க கண்ணு" என்றார். நான் அளந்தேன். தடவாமல் அளந்திருக்கலாம். நீ சொன்னது மண்டையில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஓடியதாலேயே வேண்டுமென்று, நீ பார்க்கப் பார்க்க, மூன்று தடவை நன்றாகத் தடவினேன். பாஸ்.

அன்று ரெஜிஸ்டர் எழுதுகிற முறை உன்னுடையது. பேனாவை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாய். மேனேஜர் வாசலில் நின்று போனில் கத்திக்கொண்டிருந்தார். நான் உன் பக்கம் குனிந்து, "எனக்கோசரம் எழுது புள்ள" என்றேன். நாலு நாளுக்குப் பிறகு உன்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். நீ என்னை நிமிர்ந்து பார்த்தாய். எழுதினாய். கீழே கையெழுத்தும் போட்டாய்.

மூன்று மாசத்தில் பெட்டிகள் திரும்பி வந்தன. ஒரு துவைப்பில் உடுப்பு சுருங்கிப் பட்டன் எட்டவில்லையாம், குழந்தையின் தலை நுழையவில்லையாம். ஃபினிஷிங் ஹாலில் நடக்க இடமில்லாமல் பெட்டிகள். முதலாளி ரெஜிஸ்டரைக் கொண்டுவரச் சொன்னார். மேனேஜர் அந்தப் பக்கத்தைத் திருப்பி, "இது யார் எழுத்துங்க?" என்று கேட்டார். அவருக்கு அன்று நடந்தது மறந்துவிட்டதோ, மறந்ததாக இருந்துகொண்டாரோ, எனக்கு இன்றுவரை தெரியாது. நீ என்னைப் பார்த்தாய். நான் வாஷிங் மெஷினின் கண்ணாடிக் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளே துணி சுற்றிக்கொண்டிருந்தது. அது சுற்றி நிற்கிற வரைக்கும் காத்திருப்பவளைப் போல அதையே பார்த்தேன்.

"என் எழுத்துதான் சார்" என்றாய்.

அவ்வளவுதான். அளந்தது யார் என்று யாரும் கேட்கவில்லை. நீயும் சொல்லவில்லை. வேலை போயிற்று, டிபன் பையை எடுத்துக்கொண்டு போனாய். அன்று சாயங்காலமே மேனேஜர் யாரையோ திட்டும்போது அந்த வார்த்தையை உருவாக்கினார்: "சாத்தூர்க் கணக்கு எழுதிப்போடாதீங்க."

அதற்குப் பிறகு நான் தடவவில்லை. இதுதான் வேடிக்கை. நீ போன மறுநாளே என் கை மாறிவிட்டது. துணியை மேசையில் போட்டதும் இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வேன். வலது கையில் ஸ்கேல் மட்டும். ஃபெயில் ஆனதையும் எழுத ஆரம்பித்தேன். எந்தப் பட்டறைத் துணி, எந்த மெஷின், எந்தக் கிழமை என்று நீ பிரித்த மாதிரியே பிரித்தேன். திரும்பிப்போகிற ரோல் கூடியது, பட்டறைக்காரர்களும் சுதாரித்துக்கொண்டார்கள், வெளிநாட்டிலிருந்து புகார் நின்றது. "அந்தக் கம்ப்ளெயிண்டுக்கப்புறம் மேடம் ரொம்பக் கண்டிப்புங்க" என்றார்கள். லேப் இன்சார்ஜ் ஆக்கினார்கள். முன்னால் ராசிக்குப் பாராட்டு, பின்னால் கண்டிப்புக்குப் பாராட்டு. இரண்டும் எனக்கே. இரண்டாவது முழுக்க உன் நோட்டு.

ஒரே ஒரு தடவை உன்னைப் பார்த்தேன். பஸ் ஸ்டாண்டில், உடுமலை பஸ் நிற்கிற இடத்தில். எங்கோ செக்கிங் வேலைக்குப் போவதாகச் சொன்னாய். இளைத்திருந்தாய். என்னென்னவோ கேட்பாய் என்று நினைத்தேன். நீ கேட்டது ஒன்றுதான்.

"இன்னும் தடவுறியா?"

"இல்ல."

"அப்பச் சரி" என்றாய். பஸ் வந்தது, ஏறிக்கொண்டேன். ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தும் எட்டிப் பார்க்கவில்லை. உனக்கு மஞ்சள் காமாலை என்றும், ஊருக்குக் கூட்டிப்போயும் பிழைக்கவில்லை என்றும், எல்லாம் முடிந்து இரண்டு மாசம் கழித்து உன் வரிசை வீட்டுக்காரி ஒருத்தி சொன்னாள். உன் நம்பர் என் போனில் அப்படியே இருக்கிறது. உயிரோடு இருந்தபோதே கூப்பிடாதவள் இப்போது அதை அழிக்கவும் மாட்டாமல் வைத்திருக்கிறேன்.

நாளைக்கு நான் ஒழுங்காக அளப்பேன். மூன்று பேர் அளவும் ஒன்றாக வரும். கையெழுத்தாகிப் போய்விடும். எல்லாம் நன்றாக முடியும், அதுதான் பிரச்சினை. ஒழுங்காக அளந்து முடித்தால், அன்றும் என் கை இப்படித்தான் இருந்தது என்று ஆகிவிடும். நீ வைத்த நீலப்புள்ளிகள் பொய் என்று ஆகிவிடும். என் ஒழுங்கே உன்மேல் மண்ணைத் தள்ளும். என்ன செய்யட்டும் சொல்லு. சாப்பாட்டு நேரம் முடியப்போகிறது. பிரதாப் வரும் சத்தம் கேட்கிறது. நிறுத்துகிறேன்.

*

பதினோரு நாள் ஆகிவிட்டது. இன்று ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம். வீட்டில் எல்லோரும் கொமரலிங்கத்துக்குக் கல்யாணத்துக்குப் போயிருக்கிறார்கள். தலைவலி என்று சொல்லி நான் நின்றுகொண்டேன். மடித்து வைத்த தாளை எடுத்து மிச்சத்தை எழுதுகிறேன்.

அன்று வந்தவர் சின்ன வயசுக்காரர், அமைதியான ஆள். பிரதாப், புதிதாகச் சேர்ந்த திண்டுக்கல் பெண் ஒருத்தி, நான், மூன்று பேரும் மாறி மாறி அளந்தோம். ஒருவர் அளக்கும்போது மற்ற இருவரும் வெளியே. சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும், அவர் லேப்டாப்பில் ஏற்றிக்கொண்டார். முடிய மதியம் ஆகிவிட்டது. மேனேஜர் நெளிந்துகொண்டே நின்றார். கடைசியில் வந்தவர் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். மூன்று கோடு, ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு கிட்டத்தட்ட ஒரே கோடாகத் தெரிந்தது.

"ரொம்ப நல்லா வந்திருக்கு மேடம். அதிலும் உங்க ரீடிங்தான் ஆடவே இல்ல" என்றார்.

மேனேஜருக்கு வாயெல்லாம் பல். "நாந்தான் சொன்னனுங்களே சார், எங்க மேடம் கை தங்கமுங்க. முன்னாடி இங்கொரு சாத்தூர்ப் புள்ள இருந்துச்சுங்க. மேடம் கையே தப்புன்னு கலர் கலரா புள்ளி வெச்சு ஒரு தாளு போட்டுச்சு. கடைசீல அது எழுதுன கணக்குலதானுங்க பெட்டி பெட்டியா சரக்குத் திரும்பி வந்துச்சு. இப்பத் தெரிஞ்சு போச்சுங்கல்ல, ஆரு கை தப்புன்னு?"

திண்டுக்கல் பெண் சிரித்தாள். பிரதாப் சிரித்தார். எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள், நானும் சிரிப்பேன் என்று.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. யோசித்துச் செய்தேன் என்று சொன்னால் பொய். முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்த கையை எடுத்தேன். நாலாம் நம்பர் துண்டை மேசை நடுவில் போட்டேன். இரண்டு உள்ளங்கையும் வைத்து நடுவிலிருந்து வெளியே தடவினேன். ஒன்று. இரண்டு. மூன்று. எட்டு வருஷம் செய்யாத வேலை, கை ஒரு நொடி தயங்கவில்லை. ஸ்கேலை வைத்து, "சார், இதையும் பாருங்க" என்றேன்.

அவர் குனிந்து பார்த்தார். "மூணு மில்லி கூட வருதே" என்றார்.

"ஆமாங்க. அப்ப நான் இப்பிடித்தானுங்க அளப்பேன். திரும்பி வந்த அந்தச் சரக்கோட துணிய அளந்தது நானுங்க. அந்தப் புள்ள அளந்தப்ப ஃபெயிலுன்னுதான் வந்துச்சு. நான் எழுதச் சொன்னேன், அவ எழுதுனா. அவ வெச்ச புள்ளி ஒண்ணுகூடத் தப்பு இல்லீங்க சார்."

"பழச எதுக்குங்க மேடம் இப்ப..." என்று மேனேஜர் இழுத்தார்.

"நீங்கதானுங்க எடுத்தீங்க" என்றேன். என் குரலைக் கேட்டு எனக்கே ஆச்சரியமாக இருந்தது. கட்டிங் மேசையில் கத்தரி ஓட்டிக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

வந்தவர் லேப்டாப்பில் புதிதாக ஒரு வரி சேர்த்தார். "இந்த ரீடிங்க யார் பேர்ல போட, மேடம்?" என்று கேட்டார்.

"என் பேர்லயே போடுங்க" என்றேன். உன் பேரில் எழுதவைத்ததை என் பேருக்கு மாற்ற எனக்கு எட்டு வருஷம் பிடித்திருக்கிறது. அதைக் கேட்க நீ இல்லை.

சாயங்காலம் முதலாளி கூப்பிட்டார். "இத்தன நாளு ஏனுங்க சொல்லல?" என்றார். பயம் என்றேன். "அந்தம்மிணி இப்ப எங்கிருக்குது? கூப்புடுங்க, பேசலாம்" என்றார். இல்லீங்க என்றேன். ஊரில் இல்லை என்று நினைத்துக்கொண்டு, "செரி, நம்பராவது குடுங்க" என்றார். செத்துப்போயிட்டாங்க என்று சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, கொஞ்ச நாளைக்கு நான் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட வேண்டாம், பிரதாப் போடட்டும் என்றார். செரிங்க என்று வந்துவிட்டேன். அது சரியான தண்டனையா, கொஞ்சமா, அதிகமா, எனக்குத் தெரியவில்லை. வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

இப்போது லேப் சுவரில் இரண்டு போட்டோ ஒட்டியிருக்கிறார்கள். ஒன்றில் தொடாமல் போட்ட துணி. இன்னொன்றில் துணியைத் தடவுகிற இரண்டு கை, அதன்மேல் சிவப்பில் பெருக்கல் குறி. அந்தக் கை என்னுடையது. வந்தவர் கேட்டார், நான்தான் இன்னொரு தடவை தடவிக் காட்டினேன். வளையலை வைத்து எல்லோரும் கண்டுபிடித்துவிட்டார்கள். காலையில் உள்ளே நுழையும்போதெல்லாம் சுருக்கென்கிறது.

பிரதாப்பிடம் சாத்தூர் என்பது ஓர் ஊர் என்று சொன்னேன். அங்கிருந்து வந்த ஒருத்தி இந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், இப்போது நாம் எழுதுகிற ஒவ்வொரு அளவும் அவள் எழுதச் சொன்ன விதத்தில்தான் எழுதுகிறோம் என்றும் சொன்னேன். அவர் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "அக்கா, எனக்குத் தெரியாது அக்கா" என்றார். அதன் பிறகு அந்த வார்த்தை அவர் வாயில் வரவில்லை. திண்டுக்கல் பெண்ணும் விட்டுவிட்டாள். மேனேஜர்தான் விடவில்லை, வேண்டுமென்று சொல்கிறாரா, வாய்ப்பழக்கமா, தெரியவில்லை. வெள்ளிக்கிழமை பேக்கிங் ஆட்களிடம் கத்திக்கொண்டிருந்தார். "எண்ணிப் போடுங்கய்யா! சாத்தூர்க் கணக்கு போட்றாதீங்க!"

முன்பெல்லாம் இதைக் கேட்டால் லேப் கதவைச் சாத்திக்கொள்வேன். இப்போது எழுந்து போகிறேன். வேலையைப் போட்டுவிட்டு ஹால் முழுக்க நடந்து அவர் பக்கத்தில் போய் நிற்கிறேன். காது கேட்கிற தூரத்தில் இருக்கிற எல்லோரும் கேட்கிற மாதிரிச் சொல்கிறேன்.

"கொமரலிங்கத்துக் கணக்குங்க சார்."

நேற்று மட்டும் இரண்டு தடவை போனேன். நாளைக்கும் போவேன்.